பாட்டுக்கு முன்னால் கொஞ்சம் அமைதி

டாக்ஸி கிளம்பிப் போன பிறகுதான் ரேடியோச் சத்தம் தம்பியின் காதில் விழுந்தது. வீட்டின் பின்பக்கம் எங்கோ யாரோ வானிலை அறிக்கை வாசித்துக்கொண்டிருந்தார்கள், தெருக்கோடி வரை கேட்கும்படி. அவன் ஸ்பீக்கர் பெட்டியை வாசற்படியில் இறக்கி வைத்தான். குண்டூசி விழுந்தால்கூடக் கேட்கும், அப்படி ஒரு வீடு கிடைச்சிருக்குடா என்று அக்கா ஃபோனில் குதூகலித்தது ஞாபகம் வந்தது. அப்போது அவளுக்குக் குரல் இருந்தது.

கதவைத் திறந்த அத்தான் வா என்றுகூடச் சொல்லவில்லை. பெட்டியைத்தான் பார்த்தார்.

"இங்க ஸ்பீக்கர் இல்லைன்னு உனக்கு யார் சொன்னா?"

"என் காது இதுக்குத்தான் பழகியிருக்கு, அத்தான்."

"உன் காது ஒண்ணுதானே உலகத்துல."

பயணக் களைப்பில் தம்பி அதை விழுங்கிக்கொண்டான். இரண்டு பேரும் ஒரே தொழில். யாரோ பாடியதை, யாரோ வாசித்ததை ஒன்றாகச் சேர்த்துப் பதப்படுத்திப் பாட்டாக்கித் தருகிற மிக்ஸிங் வேலை. ஒரே குடும்பத்தில் இரண்டு மிக்ஸிங்காரர்கள் இருப்பது ஒரே அடுப்பில் இரண்டு பேர் சமைக்கிற மாதிரி. உப்பு விஷயத்தில் ஒருநாளும் ஒத்துப்போகாது.

பின்னறையில் ரேடியோவோடு போட்டி போட்டுக்கொண்டு ஒரு பெண்குரலும் கேட்டது. "இந்தத் திரையைத் துவைக்கணும், துவைச்சு எவ்வளவு நாளாச்சு, முழங்கால் வேற குடைச்சல், குழாய் ரிப்பேர்க்காரன் வர்றேன்னான், வரல, வரலைன்னா நான் என்ன பண்றது, நானா போய் இழுத்துட்டு வர்றது..." மூச்சு விடாமல் பேசிக்கொண்டே ஒரு வயதான அம்மாள் வெளியே வந்தார். நிலைப்படியைத் தாண்டியதும் பேச்சு பட்டென்று நின்றது. தம்பியை ஏற இறங்கப் பார்த்தார்.

"ரேடியோவை நிறுத்தாதீங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போய்விட்டார்.

"வீட்டுக்காரம்மா," என்றார் அத்தான். "நாங்க அணைக்க அணைக்க வந்து போட்டுட்டுப் போறாங்க. அந்த ரூமுக்குள்ள போனா வாய் ஓயாது. வெளிய வந்துட்டா பேசினா முத்து உதிர்ந்துடும்." சொல்லிக்கொண்டே உள்ளே போய் ரேடியோவை அணைத்தார்.

வீடு அமைதியானது. அமைதி என்றால் இப்படியா என்று தம்பிக்கே காது அடைத்தது. தெருவில் போன சைக்கிள் மணிகூட ஏதோ பஞ்சுக்குள்ளிருந்து வருவது போல் இருந்தது.

அக்கா சமையலறையிலிருந்து வந்தாள். கையில் ஒரு எவர்சில்வர் டம்ளர், ஒரு ஸ்பூன். டிங் என்று ஒரு தட்டுத் தட்டிவிட்டுச் சிரித்தாள். இப்போது அவள் பேசுவது அதைக் கொண்டுதான். ஒரு தட்டு என்றால் சரி. இரண்டு தட்டு என்றால் வேண்டாம். தம்பி அவள் கையைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள்தான் அவன் முதுகில் தட்டி, பெட்டியை உள்ளே எடுத்து வை என்று சைகை காட்டினாள்.

எத்தனையோ பாடகர்களுக்குப் பின்னால் நின்று கோரஸ் பாடியவள் அவள். கோரஸ்காரிக்கு முகம் கிடையாது, பெயரும் பொடி எழுத்தில்தான் வரும். ஒருவழியாகத் தனக்கென்று ஆறு பாட்டுகளை எழுதி மெட்டமைத்து, அமைதியான வீடாகத் தேடிப் பிடித்து, பின்னறைச் சுவரெல்லாம் கம்பளிகளைத் தொங்கவிட்டு, அத்தானை வைத்து ஒவ்வொன்றாகப் பதிவு செய்தாள். முதல் பாட்டில் கணீரென்று இருந்தவள் நான்காவது பாட்டில் கரகரத்தாள். ஆறாவது பாட்டு முடிந்ததும் தண்ணீர் கேட்க வாயைத் திறந்தாள். வரவில்லை. பிறகு வரவே இல்லை. தொண்டைக்குள் விளக்கடித்துப் பார்த்த டாக்டர், எல்லாம் நன்றாக இருக்கிறது, ஓய்வு எடுத்தால் போதும் என்றார். இருமினால்கூடச் சத்தம் வராத தொண்டையைப் பார்த்து எல்லாம் நன்றாக இருக்கிறது என்று சொல்ல டாக்டரால்தான் முடியும்.

ஆக, அவள் குரல் என்று உலகத்தில் மிச்சம் இருந்தது அந்த ஆறு பாட்டுகள்தான். அதைச் சிந்தாமல் சிதறாமல் வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்காகத்தான் அக்கா தம்பியை வரவழைத்திருந்தாள். அத்தானுக்கு அது சுருக்கென்று தைத்திருந்தது.

அத்தானின் முறை இப்படி. குரல், வாத்தியம் என்று தனித்தனியாகப் பதிந்த எல்லா ட்ராக்கையும் ஒன்றாகத் திறந்துவிட்டு, கண்ணை மூடிக் கேட்டு, எது உறுத்துகிறதோ அதை மட்டும் தொடுவார். மூச்சு வாங்குவது, நாற்காலி கிரீச்சிடுவது, அறையின் முழக்கம் எல்லாம் அவருக்குப் பாட்டின் பாகம். வீட்டில் பாடிய பாட்டு வீட்டில் பாடிய மாதிரிதான் இருக்க வேண்டும் என்பார். அறையின் முழக்கத்தை இன்னும் கொஞ்சம் ஏற்றிக்கூட வைப்பார்.

தம்பிக்கு அவன் ஸ்டூடியோவில் துடைப்பம் என்று பட்டப்பெயர். வீட்டுப் பதிவு கையில் வந்தால் முதலில் பெருக்குவது, பிறகுதான் கோலம் என்பது அவன் கட்சி. ஒவ்வொரு ட்ராக்கையும் தனியாக உட்காரவைத்து அழுக்கெடுத்து, பளிச்சென்று ஆன பிறகுதான் ஒன்றோடொன்று சேர்ப்பான். அதற்கு ஒரு வழி வைத்திருந்தான். பாடுகிறவர் மைக் முன்னால் வந்து, பாடாமல், அசையாமல் கொஞ்ச நேரம் நிற்க வேண்டும். ஆள் நிற்கிற அறை வேறு, வெறும் அறை வேறு. அந்தச் சும்மா நின்ற சத்தத்தைக் கணினிக்குக் காட்டி, இதுதான் குப்பை என்று சொல்லிவிட்டால் போதும். பாட்டு நெடுகிலும் அது ஒளிந்திருக்கிற இடத்தையெல்லாம் தேடிக் கழித்துவிடும். இதை அக்காவுக்கு ஃபோனில் பாடம் எடுத்தவனே அவன்தான். ஒவ்வொரு பாட்டுக்கும் முன்னால் பத்து நொடி சும்மா நில்லுக்கா, மறந்துடாத. அவள் மறக்கவில்லை. ஆறு தடவையும் நின்றிருந்தாள்.

தம்பி இரவெல்லாம் உட்கார்ந்து தன் மிக்ஸை முடிக்க, மறுநாள் காலை இரண்டு மிக்ஸையும் போட்டுப் பார்த்தார்கள். நடுவர் அக்கா. அவளுக்கென்று ஒரு பரிசோதனை உண்டு. பாட்டை ஃபோனின் சின்ன ஸ்பீக்கரில் ஓடவிட்டு, சமையலறைக் குழாயைத் திறந்துவிட்டுப் பாத்திரம் கழுவுவாள். அந்தச் சளசளப்பைத் தாண்டிக் குரல் வந்தால் மிக்ஸ் சரி. ஸ்டூடியோவில் லட்சம் சாமான் இருந்தாலும் கேட்கிறவர்கள் இப்படித்தானே கேட்கப்போகிறார்கள் என்பாள், பேசிக்கொண்டிருந்த காலத்தில்.

முதலில் அத்தானுடையது. பாட்டு நிறைவாக, வெதுவெதுப்பாக எழுந்தது. உண்மையிலேயே நன்றாக இருக்கிறது என்று தம்பி பல்லைக் கடித்துக்கொண்டு நினைத்தான். அக்கா கழுவிக்கொண்டிருந்த தட்டு அவள் கையிலிருந்து நழுவித் தொட்டியில் விழுந்தது. ஈரக் கையோடு ஸ்பூனை எடுத்து இரண்டு தட்டுத் தட்டினாள். வேண்டாம்.

அத்தான் முகம் இறுகியது.

அடுத்தது தம்பியுடையது. துடைத்து எடுத்த குரல் குழாய்ச் சத்தத்தைத் தாண்டவே இல்லை. மெலிந்து, சோகை பிடித்து, அங்கங்கே ஓட்டை விழுந்து கிடந்தது. மறுபடி இரண்டு தட்டு.

"அழுக்கெடுக்கிறேன்னு துணியையே கிழிச்சுட்ட," என்றார் அத்தான், மனம் குளிர்ந்து. "இதுக்கா அவ்வளவு தூரத்துலேர்ந்து வந்த?"

தம்பி லேப்டாப்பைத் தூக்கிக்கொண்டு முன்கூடத்துக்குப் போனான். இத்தனை வருஷத் தொழிலில் அவன் கழித்தது எதுவும் குரலைத் தின்றதில்லை. எங்கேயோ தப்பு. தப்பைக் கண்டுபிடிக்க ஒரு பொத்தான் இருக்கிறது. அதை அழுத்தினால் பாட்டை விட்டுவிட்டு, கழித்துப்போட்டதை மட்டும் கேட்கலாம். வழக்கமாக அதில் ஃபேன் சத்தம் இருக்கும், மின்சார ரீங்காரம் இருக்கும், தூரத்தில் ஒரு நாய் இருக்கும். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு முதல் பாட்டின் குப்பையைத் திறந்தான்.

ஃபேன் இல்லை. நாய் இல்லை.

யாரோ முணுமுணுத்துக்கொண்டிருந்தார்கள்.

வார்த்தை இல்லாத முணுமுணுப்பு. தம்பி சத்தத்தை ஏற்றினான். மெட்டு பிடிபட்டது. அக்காவின் மெட்டுதான். அக்கா பாடியதன் கசிவு என்று நினைத்து, பாட்டையும் குப்பையையும் பக்கம் பக்கமாக வைத்து ஓடவிட்டான். அக்கா ஒவ்வொரு அடியையும் எடுப்பதற்கு ஒரு மூச்சு நேரம் முன்னால் அது எடுத்தது. அவள் பாடப்போவதை அது முதலில் பாடியது. பிறகு அவள் பாடினாள்.

அவன் இரண்டாவது பாட்டுக்குப் போனான். மூன்றாவது. நான்காவதில் முணுமுணுப்புக்கு வார்த்தைகள் முளைத்திருந்தன. ஐந்தாவதில் அதற்கு வெதுவெதுப்பு வந்திருந்தது. ஆறாவது பாட்டில், குப்பை என்று அவன் கழித்துப்போட்டிருந்த இடத்தில், அக்காவின் குரல் முழுதாகக் கணீரென்று பாடிக்கொண்டிருந்தது. பாட்டில் மிச்சம் இருந்தது காற்று மட்டும்தான்.

மத்தியான வெயில் ஜன்னல் வழியாக அவன் முழங்கால் மேல் விழுந்திருந்தது. அப்படியும் கைமயிர் குத்திட்டு நின்றது.

அத்தானைக் கூப்பிட்டான். அவர் வந்து நின்ற தோரணையிலேயே சண்டைக்குத் தயாராக இருந்தார்.

"ரெக்கார்ட் பண்றப்பவே எதிரொலி ஏதாவது போட்டீங்களா?" என்றான் தம்பி.

"நான் எதுவும் போடல. நீ பிழிஞ்சதுல வந்த வினை அது."

"கேட்டுட்டுச் சொல்லுங்க."

அத்தான் ஹெட்ஃபோனை வாங்கி மாட்டினார். கழற்றும்போது குரல் இறங்கியிருந்தது.

"எதிரொலி பின்னாடிதான்டா வரும். முன்னாடி வர்றதுக்கு என்ன பேரு?"

"தெரியல."

"இது என் மிக்ஸ்லயும் இருக்கா?"

"நீங்க ஏத்தி வச்ச ரூம் சத்தமே இதுதான், அத்தான். உங்க மிக்ஸ் நல்லா இருந்ததே இதாலதான்."

அந்த இடத்தில் இரண்டு பேரும் பயத்துக்குக் காது கொடுத்திருந்தால் பிழைத்திருப்பார்கள். பயம் வந்ததுதான். ஆனால் உங்க மிக்ஸ் நல்லா இருந்ததே இதாலதான் என்ற வார்த்தை அத்தானுக்குச் செருப்படியாக விழுந்தது. வயர் கசிவு என்றார். பக்கத்து வீட்டு ரேடியோ என்றார். துடைக்கிறேன் பேர்வழி என்று நீதான் குட்டையைக் குழப்பினாய் என்றார். தம்பியும் சும்மா விடவில்லை. ஆறு பாட்டையும் அரைகுறையாகப் பிடித்து வைத்தது யார், குரல் தேய்ந்துகொண்டே போவது காதில் விழாமல் உட்கார்ந்திருந்தது யார் என்று நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டான். எலியும் பூனையுமாக இருந்தவர்கள் கைகலக்காத குறைதான்.

டிங், டிங், டிங், டிங்.

அக்கா கூடத்து வாசலில் நின்றிருந்தாள். கழற்றிப்போட்ட ஹெட்ஃபோனிலிருந்து அவள் குரல் மெல்லியதாகக் கசிந்துகொண்டிருந்தது. அவள் வந்து லேப்டாப்பை அறைந்து மூடினாள். பின்னறைப் பக்கம் கை நீட்டி, தலையை வேகமாக ஆட்டினாள். பிறகு விரலால் திருகிக் காட்டினாள். ரேடியோ. ரேடியோவைப் போடு.

"பயந்துட்டா," என்றார் அத்தான். "நீ கிளப்பின பீதி."

தம்பி அவளை நாற்காலியில் உட்காரவைத்தான். அவன் மனம் ஏற்கெனவே வேலையில் இறங்கிவிட்டது. அதுதான் அவனுடைய கெட்ட புத்தி. வீடே பற்றி எரிந்தாலும் அதில் எந்த அலைவரிசை உறுத்துகிறது என்று பார்க்கிறவன். அவன் கணக்கு இப்படி ஓடியது. அக்கா சும்மா நின்ற பத்து நொடியிலேயே அந்த முணுமுணுப்பு கலந்திருக்கிறது. அதைக் குப்பை என்று கணினிக்குக் காட்டியதால் அக்காவின் குரலும் சேர்ந்து கழிந்துவிட்டது. இப்போது அதே அறையில், அதே இடத்தில், வேறொரு ஆள் நின்று, சுத்தமான அமைதி ஒன்றைப் புதிதாகப் பிடித்துவிட்டால், அதை வைத்து அறையை மட்டும் கழித்துவிடலாம். பாட்டிலும் குப்பையிலும் பிரிந்து கிடக்கிற குரலை ஒன்றாகச் சேர்த்துவிடலாம். அக்காவின் குரல் முழுசாகத் திரும்பி வந்துவிடும்.

"அக்கா, உன் குரலை எடுத்துத் தர்றேன். பத்தே நொடி."

அவள் அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். டம்ளரை எங்கேயோ போட்டுவிட்டு, வெறும் கையால் மேஜையில் இரண்டிரண்டாக அடித்தாள். வேண்டாம். வேண்டாம். அவன் அவள் விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துவிட்டுப் போனான்.

பின்னறையில் ஈரக் கம்பளி வாடை. கம்பளிகள் கூரையிலிருந்து தரை வரை தொங்கின. நடுவில் மைக். ஓரத்தில் ஒரு ஸ்டூல், அதன்மேல் வாயடைத்துப்போன ரேடியோ. தம்பி நேரம் பார்ப்பதற்காகத் தன் ஃபோனை அதன் பக்கத்தில் வைத்தான். காலையிலேயே ஸ்டூடியோ முதலாளி இரண்டு தடவை கூப்பிட்டு எப்போது வருவாய் என்று பிடுங்கியிருந்தார், அதனால் மணியை நிறுத்தினான். கதவைச் சாத்தித் தாழிட்டான். வெளியே பதிவு நடக்கிறது என்று காட்டும் சிவப்பு பல்பைப் போட்டான். ரெக்கார்டரை அழுத்திவிட்டு மைக் முன்னால் போய் நின்றான்.

கதவு அதிர்ந்தது. உள்ளங்கையால் அடிக்கிற சத்தம், மேலும் மேலும்.

"அக்கா, சத்தம் போடாத. டேக் போயிட்டிருக்கு."

அடி நிற்கவில்லை. கதவின் கீழே, மேலே, கைப்பிடியில். தம்பிக்கு எரிச்சல் தலைக்கேறியது. இவளுக்காகத்தானே இதெல்லாம். அப்போது வெளியே அத்தானின் குரல் கேட்டது. வந்ததிலிருந்து முதல் தடவையாக அவன் பக்கம் பேசினார்.

"விடும்மா. வந்த வேலையை முடிக்கட்டும். முடிச்சுட்டுத் தொலையட்டும்."

கால்கள் இழுபடுகிற சத்தம். பிறகு அதுவும் இல்லை.

தம்பி மூச்சை அடக்கினான்.

ரெக்கார்டரில் சத்தத்தின் அளவைக் காட்டும் பச்சை விளக்கு இரண்டு கோடு உயரத்துக்குத் துள்ளிக்கொண்டிருந்தது. எந்த அறையிலும் அது அப்படித்தான் துள்ளும். முழு அமைதி என்று ஒன்று கிடையாது, ஆள் நிற்கிறான், அவன் சட்டை உரசும், வயிறு பேசும். அவன் பார்த்துக்கொண்டே இருந்தான். இரண்டு கோடு ஒரு கோடாயிற்று.

அதுவும் அணைந்தது.

அவன் இதயத் துடிப்பு அவன் காதுக்குக் கேட்கவில்லை.

கம்பளி வாடை நெருங்கி வந்தது. கம்பளிகள் அசையவில்லை. வாடை மட்டும் வந்து முகத்துக்கு நேராக நின்றது, யாரோ எதிரே நின்று வாயைத் திறந்தது போல. அது மூச்சு விடவில்லை. மூச்சு வாங்கிக்கொண்டே இருந்தது.

நகரு என்று உடம்பு கெஞ்சியது.

பத்து நொடி என்று பழக்கம் சொன்னது. நடுவில் அசைந்தால் டேக் வீண்.

அவன் நின்றான்.

தொண்டைக்குள்ளிருந்து ஏதோ ஒரு நூல் உருவப்படுவது போல் இருந்தது. வலிக்கவில்லை. நூல் வந்துகொண்டே இருந்தது, அடிவயிற்றிலிருந்து, இன்னும், இன்னும். கடைசியில் நுனி வெளியே வந்தது. பச்சை விளக்கு மறுபடி துள்ளத் தொடங்கியது.

முடிந்தது. ரெக்கார்டரை மட்டும் எடுத்துக்கொண்டு வெளியே வந்தான். அக்கா நடைவழிச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். அவன் முகத்தைப் பார்க்கவில்லை, வாயைப் பார்த்தாள். அவன் கட்டைவிரலை உயர்த்திக் காட்டிவிட்டு, கூடத்துக்கு ஓடி, லேப்டாப்பைத் திறந்தான். புதிய அமைதியைக் கணினிக்குக் காட்டினான். இதுதான் குப்பை. கழி. ஆறாவது பாட்டை ஸ்பீக்கரில் ஓடவிட்டான்.

அக்காவின் குரல் கூடம் முழுக்க நிறைந்தது. அப்பழுக்கு இல்லை. மெலிவு இல்லை, ஓட்டை இல்லை. அவளே பக்கத்தில் உட்கார்ந்து பாடினால்கூட இவ்வளவு பக்கத்தில் இருக்காது. அவன் கண்களில் நீர் முட்டியது. ஜெயித்துவிட்டான். அந்த மனுஷனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும். முதலில் காட்ட வேண்டியது அவருக்குத்தான்.

வாயைத் திறந்து அத்தான் என்று கூப்பிட்டான்.

வாய் திறந்தது. நாக்கு அசைந்தது. கூடத்தில் சத்தம் எதுவும் எழவில்லை.

பின்னறையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

"அத்தான்."

அவன் குரல்தான். ஏழு கடலுக்கு அப்பாலிருந்து கேட்டாலும் தன் குரல் தனக்குத் தெரியாதா. நாற்காலி சாய எழுந்தான். கூடத்து வாசலில் அக்கா நின்று, இரண்டு கைகளாலும் தன் வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள். கத்துவதற்கு ஒன்றும் இல்லாதவளுக்கு எதற்கு வாயைப் பொத்துவது என்று அவனுக்குத் தோன்றியது. மனம் அப்படித்தான் கண்டதையும் நினைத்தது.

"அத்தான், ஒரு நிமிஷம் இங்க வாங்களேன்."

அவன் பிறவியில் அந்த மனிதரிடம் அப்படிக் குழைந்து பேசியதில்லை. சமையலறையில் குழாய் நின்றது. "என்னடா?" என்றார் அத்தான்.

"நீங்க சொன்னதுதான் சரி. ரூமோட சத்தம் இருக்கத்தான் வேணும். நான்தான் புரியாமப் பேசிட்டேன். வந்து கேளுங்க."

சமையலறைக் கதவும் பின்னறைக் கதவும் நேருக்கு நேர். அத்தானுக்குக் கூடத்துப் பக்கம் திரும்ப வேண்டிய அவசியமே இல்லை. துண்டில் கையைத் துடைத்துக்கொண்டு, இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தையைக் கேட்ட முகத்தோடு, நாலே எட்டில் உள்ளே போய்விட்டார். தம்பியும் அக்காவும் நடைவழியின் பாதிக்கு ஓடி வருவதற்குள் கதவு சாத்திக்கொண்டது. தாழ் விழுந்தது. சிவப்பு பல்பு எரிந்தது.

தம்பி இரண்டு கைகளாலும் கதவை அடித்தான்.

சத்தம் வரவில்லை.

கை வலித்தது, கதவுப் பலகை அதிர்ந்தது, விரல் முட்டியில் தோல் பிய்ந்தது. சத்தம் மட்டும் இல்லை. அக்கா டம்ளரை எடுத்து வந்து கதவில் ஓங்கி அடித்தாள். டம்ளர் நசுங்கியது, சத்தமில்லாமல். அவன் புரிந்துகொண்டான். அவன் உள்ளே நின்றபோது அக்கா கதவில் அடித்த இந்தச் சத்தத்தை அது ஏற்கெனவே கேட்டிருக்கிறது. கேட்ட சத்தத்தைக் கழிப்பது எப்படி என்று அந்த அறைக்குத் தெரிந்துவிட்டது. சொல்லிக்கொடுத்தது அவன்தான்.

உள்ளே அவன் குரல் அன்பாகச் சொல்லிக்கொண்டிருந்தது.

"அங்கதான், மைக்குக்கு நேரா. பேசாதீங்க, அத்தான். பத்தே நொடி."

எதிர்வீட்டு ஜன்னலில் வீட்டுக்காரம்மா நிற்பது வாசல் வழியாகத் தெரிந்தது. அவர் எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டு, உதடுகள் ஓயாமல் அசைய, தனக்குத்தானே ஏதோ பேசிக்கொண்டே இருந்தார். பிறகு ஜன்னலைச் சாத்தினார்.

தாழ் விலகியது. அத்தான் வெளியே வந்தார். தம்பியைப் பார்த்ததும், நீ எப்படி இங்கே என்பது போல் திரும்பி அறைக்குள் பார்த்தார். வெறும் கம்பளிகள். மறுபடி தம்பியைப் பார்த்தார். வாய் திறந்து மூடியது. கையால் தொண்டையைப் பிடித்துக்கொண்டு அப்படியே தரையில் உட்கார்ந்தார். அக்கா அவர் தலையைத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள். மூன்று பேரும் அந்த நடைவழியில் அழுதார்கள். யார் அழுவதும் யாருக்கும் கேட்கவில்லை.

அறைக்குள் பேச்சு தொடங்கியது.

"குரலை இன்னும் கொஞ்சம் முன்னாடி கொண்டு வா," என்றது அத்தானின் குரல்.

"சரிங்க, அத்தான்," என்றது தம்பியின் குரல். "இது போதுமா?"

"போதும். பிரமாதம்."

நடுவில் அக்காவின் சிரிப்பு கேட்டது. அவர்கள் இருவரும் ஒத்துப்போய் ஒருநாளும் கேட்டிராத அக்கா, தன் சிரிப்பைத் தானே கேட்டுக் கண்களை இறுக மூடிக்கொண்டாள்.

ஸ்டூல் மேல் ஃபோன் அதிர்ந்தது. மணி நிறுத்தியிருந்ததால் மரத்தில் வண்டு குடைகிற மாதிரி ர்ர்ர் என்று நகர்ந்தது. திரையில் ஸ்டூடியோ முதலாளியின் படம். தம்பி எழுந்து ஓடினான். நிலைப்படியில் கால் வைத்தவன் உள்ளே வைக்கத் துணியாமல் நின்றான். அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே அதிர்வு நின்றது. யாரும் தொடவில்லை. திரையில் நொடிகள் ஓடத் தொடங்கின.

"சொல்லுங்க சார்," என்றது அவன் குரல். "முடிஞ்சுது. ரொம்ப நல்லா வந்திருக்கு. நீங்களே ஒரு தடவை நேர்ல வந்து கேட்டுட்டுப் போங்களேன். எல்லாரையும் கூட்டிட்டு வாங்க, வீடு பெருசுதான். இல்ல சார், ஒண்ணும் கொண்டு வர வேண்டாம். சும்மா வந்து நின்னா போதும்."